வேதாரண்யத்துக்கு வரலாறு ஒரே ஒரு நாள்தானா?

வட்டந்தோறும் வரலாறு சொல்லும் அந்த விழா மலரின் வேதாரண்யம் பக்கத்தைப் பலரும் எனக்குப் படமெடுத்து அனுப்பிவிட்டீர்கள். இனி அனுப்ப வேண்டாம். மலரே என் மேசையில் கிடக்கிறது. ஒரு வட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, அதிலும் பாதியை நினைவுத்தூணின் படத்துக்குக் கொடுத்து, மீதி இடத்தில் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறி இங்கே உப்பு அள்ளினார் என்றும், அதற்கு முன்னும் பின்னும் குறிப்பிடும்படி ஏதும் இல்லை என்று பொருள்படும்படியும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் படித்தவர், பண்பானவர். தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். இடப் பற்றாக்குறை என்றார். எங்களுக்கு எப்போதும் இடப் பற்றாக்குறைதான். வரைபடத்தில் மட்டும் தாராளமாக இருக்கிறோம்.

வேதாரண்யத்தின் வரலாறு ஒரு நாள் வரலாறு அன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்று பாட்டிமார் சொல்லும் பழமொழியாவது அந்த மலர்க்குழுவில் ஒருவருக்கு நினைவுக்கு வந்திருக்கக் கூடாதா? அப்பர் பாடித் திறந்த கதவும், சம்பந்தர் பாடி மூடிய கதவும் திருமறைக்காடு என்று தேவாரம் சொல்லும் இந்த ஊர்க் கோயிலுடையவை. அணையப் போன விளக்கின் திரியைத் தூண்டிய எலியைக்கூட அப்பர் தம் பாட்டில் மறக்காமல் வைத்திருக்கிறார். எலிக்குக் கிடைத்த இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சம்பந்தர் பாண்டிய நாட்டுக்குப் புறப்பட்டதும், நாளும் கோளும் சரியில்லை என்று தடுத்த அப்பருக்கு விடையாகக் கோளறு பதிகம் பாடியதும் இங்கேதான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தை இன்றும் வீடுகளில் ஓதுகிறார்கள். அது பிறந்த ஊருக்கு வரலாறு இல்லையாம்.

எங்கள் வட்டத்தின் கோடிக்கரைக்கு வந்த சுந்தரர், கடற்காற்று இப்படி அறைகிற கரையில் குடியிருப்பு ஒன்றும் அருகில் இல்லாமல் யாரைத் துணையாகக் கொண்டு இருக்கிறீர் என்று அங்குள்ள குழகர் என்னும் சிவனைக் கேட்டார். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவது அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் சுந்தரர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டார். இப்போது வருகிறவர்கள் சரித்திர நாவலைப் படித்துவிட்டு வந்து, கரையில் படகோட்டும் பெண்ணைத் தேடிவிட்டு, வெளிமானையும் பூநாரையையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். 1967இல் கோடிக்கரையைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், நல்லது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கரை மேற்கே திரும்புகிற முனை அது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற அந்த இடத்தில் பல தலைமுறைகளாகப் பருவந்தோறும் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கி, பருவம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போகிறார்கள். கல்வெட்டு வைக்காமல் போய்விடுகிறார்களே, அதுதான் அவர்கள் செய்யும் தவறு போலும்.

சரி, மலர் கொண்டாடுகிற அந்த ஒரு நாளுக்கே வருகிறேன். ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் புறப்பட்ட ராஜாஜி, 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்து, 30 அன்று பக்கத்து அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். நடந்தவர்கள் நூறு பேர். அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் எத்தனை பேர்? தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்த பிறகு, சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டவர்களுக்குப் பெயர் இருந்ததா இல்லையா? சொந்த ஊரில் எல்லா ஏற்பாடுகளையும் செய்து, சிறைக்கும் போய், சொத்தையும் பறிகொடுத்த வேதரத்தினம் பிள்ளைக்கு மலரில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்துக்கு அதுவும் இல்லை. தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்த வைரப்பனின் பெயரே இல்லை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதை அது.

என் கோபத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரல் 30க்கும் விடுமுறையிலும் எங்களைச் சீருடையில் வரவழைத்து நினைவுத்தூண் அருகே வரிசையில் நிறுத்துவார்கள். ஒரு வருடம், எனக்குப் பதினொரு வயதிருக்கும், மேடையில் ஒருவர் உப்பின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். எட்டிய தூரத்தில் பாத்திகளுக்கு நடுவே அப்பா நின்றுகொண்டிருந்தார். தை மாதத்தில் வடிந்த சேற்றை வாரி, வரப்பு கட்டி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சிக் காத்திருந்து, வெயில் ஏற ஏறப் பூக்கிற உப்பைப் பலகை பொருத்திய நீண்ட கழியால் வரப்போரம் இழுத்துச் சேர்க்கிற வேலை அவருடையது. நடுவில் ஒரு கோடைமழை அடித்தால் விளைந்தது கரைந்துவிடும், கூலியும் கரைந்துவிடும். அன்று அவர் என்னைப் பார்த்துக் கழியை உயர்த்திக் காட்டினார். நான் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் வாத்தியார் மகன் நின்றிருந்தான். மேடையில் அதற்குள் 'உப்பு' என்ற சொல் இருபது தடவைக்கு மேல் வந்திருந்தது; உப்பளத்தில் நிற்பவர்கள் ஒரு தடவைகூட வரவில்லை.

ஒரு வாக்கியத்துக்காக இவ்வளவு கொதிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் அந்த வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்யப் போகிறார்கள். வரலாற்றுக்குச் சான்று வேண்டும், உணர்ச்சி போதாது என்று ஆய்வாளர் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, உப்பு பற்றிய காகிதங்களெல்லாம் வரி வாங்கியவர்கள் எழுதியவை, வாரியவர்கள் எழுதியவை அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவாரம் காகிதம்தானே, அதையாவது புரட்டியிருக்கலாமே? தியாகிகளைச் சிறுமைப்படுத்துகிறேன் என்பவர்கள் அவர்களைப் பற்றி மேலே எழுதியதை மறுபடி படிக்கட்டும். நீ சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் வேலை இருந்திருந்தால் நான் ஏன் சென்னையில் இருக்கிறேன்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோதும் இதே இடப் பற்றாக்குறைதான். மணல்மேட்டு ஊர்களான ஆயக்காரன்புலத்திலும் கருப்பம்புலத்திலும் தேத்தாகுடியிலும் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, முல்லைத் தோட்டங்கள் கருகின, உப்பளங்களில் சேறு ஏறியது. இரண்டு நாள் தலைப்புச் செய்தியாக இருந்தோம். பிறகு வேறு செய்தி வந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை. அகத்தியம்பள்ளிக்கு ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்த ரயில் 2023 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, அதைப் பார்க்க ஊரே திரண்டு நின்றது. கேலி செய்தவர்கள் உண்டு. ஒரு ரயிலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது வரலாறுதான்.

இதையெல்லாம் நேற்று அந்த மலரின் ஆசிரியரிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபதிப்பில் ஒரு முழுப் பக்கம் தருவதாகச் சொன்னார்; அதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை. உப்பளத் தொழிலாளர் படம் ஒன்று, பழையதாக இருந்தால் நல்லது, உங்கள் வீட்டில் இருக்குமா என்றும் கேட்டார். அம்மாவிடம் சொல்லிப் பெட்டியைத் துழாவச் சொன்னேன். முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவருக்கு அங்கே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. என் கல்யாணத்தில் பட்டு வேட்டியுடன் கூசிக்கொண்டு நிற்கிற படம் மட்டும்தான் இருக்கிறதாம்.