ஃபைல் தொடாத சுவர்

போன மாதம் ஒரு அம்மா, இரண்டாவது முறை வந்தபோது, பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டை மாட்டுவதற்கு முன்னால் கேட்டுவிட்டார்: "போன வாரம் அந்த மருந்துத் தண்ணிய விட்டு விட்டு எடுத்துட்டே இருந்தீங்களே, எதுக்கு டாக்டர் அவ்வளவு நேரம்? மூணு வருஷம் முன்னாடி வேற இடத்துல இதே பல்லுக்கு 20 நிமிஷத்துல ரூட் கேனால் முடிச்சுட்டாங்க."

அதே பல்லில்தான் இப்போது மறுபடி சீழ் வைத்திருந்தது. பழைய எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தேன். வேருக்குள் அடைத்த பொருள் நுனிவரை வெள்ளைக் கோடாக அழகாகப் போயிருந்தது. மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்டலாம், அப்படி ஒரு படம். அவருக்கு அன்றைக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். பல் மருத்துவர்களும் படிப்பீர்கள், வேர் சிகிச்சைக்குப் போகப்போகிறவர்களும் படிப்பீர்கள் என்று நம்பி.

வேருக்குள் இருக்கும் கால்வாயை நாம் ஒரு குழாய் மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம். எக்ஸ்ரே அப்படித்தான் காட்டும், ஏனென்றால் அது கன்னத்துப் பக்கத்திலிருந்து எடுத்த தட்டையான நிழல். கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்வேரைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், பல நேரம் அந்தக் குழாய் பட்டையாக, நாடா போல அகன்று கிடக்கும். முன்வேரில் இரண்டு கால்வாய்கள்; நடுவே இரண்டையும் இணைக்கும் மெல்லிய இடுக்கு. சூரிச்சில் வால்டர் ஹெஸ் 1917-லேயே கால்வாய்களுக்குள் ரப்பரைச் செலுத்தி அச்செடுத்து, இந்தக் கிளைகளையும் வலைகளையும் காட்டிவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிறது. நாம் இன்னும் குழாய் என்றே பேசுகிறோம்.

ஃபைல் என்பது கால்வாய்ச் சுவரைச் செதுக்க நாங்கள் உள்ளே விடும் ஊசி போன்ற அரம்; வட்டமாகச் சுழலும் கருவி. பட்டையான இடத்துக்குள் வட்டமான ஒன்றை விட்டுச் சுழற்றினால் என்ன ஆகும்? நடுவில் ஒரு துளை சுத்தமாக விழும். இரு ஓரங்களும் அப்படியே இருக்கும். இதை யாரும் ஊகிக்கலாம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதுதான் கடினமாக இருந்தது. பிரேசிலில் பிராமந்தேயும் உடனிருந்தவர்களும் 1987-ல் ஒரு வழி சொன்னார்கள்: பல்லைப் பிசினில் புதைத்து, குறுக்கே அறுத்து, படம் எடுத்து, துண்டுகளை மறுபடி பொருத்தி, அப்புறம் ஃபைல் போட்டு, திரும்பவும் படம் எடுப்பது. அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. ஆனால் ரம்பம் ஓடும் இடத்தில் பல்லின் ஒரு பகுதி தூளாகிப் போய்விடும், வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் நடந்தது தெரியாது.

மைக்ரோ சிடி (micro-CT) என்ற நுண் ஸ்கேன் வந்த பிறகுதான் பல்லை அறுக்காமலே உள்ளே பார்க்க முடிந்தது. மருத்துவமனை சிடியில் ஆள் படுத்திருப்பார், இயந்திரம் சுற்றும். இதில் பிடுங்கிய பல் ஒரு சிறு மேடையில் மெல்லச் சுற்றும், எக்ஸ்ரே நூற்றுக்கணக்கான கோணங்களில் அதைப் படம் பிடிக்கும். கணினி அவற்றைச் சேர்த்து முப்பரிமாண உருவமாகக் கட்டும். நம் தலைமுடியைவிட மெல்லிய விவரம்கூடத் தெரியும். ஃபைல் போடும் முன் ஒரு ஸ்கேன், போட்ட பின் ஒரு ஸ்கேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், சுவர் எங்கே செதுக்கப்பட்டது, எங்கே கைபடவே இல்லை என்று நிறம் பிரித்துக் காட்டிவிடும். உயிருள்ளவர் வாயில் இதைச் செய்ய முடியாது. கதிர்வீச்சும் நேரமும் அவ்வளவு அதிகம். அதனால் இந்த அறிவு முழுவதும் பிடுங்கிய பற்களிலிருந்து வந்தது.

2001-ல் சூரிச்சில் ஓவே பீட்டர்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் மேல் கடைவாய்ப் பற்களில் நிக்கல் டைட்டானியம் என்ற வளையும் உலோகக் கலவையில் செய்த ஃபைல்களின் நான்கு முறைகளை இப்படி ஒப்பிட்டார்கள். ஒன்று கையால் திருகும் ஃபைல், மற்ற மூன்றும் மோட்டாரில் ஓடுபவை. நான்கிலும் கால்வாய்ச் சுவரின் பரப்பில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தது. முதன்முதலில் இதைப் படித்தபோது, அதுவரை நான் செய்த பற்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்து போயின. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: முறைகளுக்கு இடையே வித்தியாசம் கொஞ்சம்தான், பல்லுக்குப் பல் கால்வாயின் வடிவம் மாறுவதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. ஆனால் நம் கருத்தரங்குகளில் பேச்செல்லாம் எந்த ஃபைல், எந்த மோட்டார் என்பதைப் பற்றித்தான்.

2009-ல் சூரிச்சிலிருந்தே பாக்கே குழுவின் வேலை வந்தது. ஃபைல் செதுக்கும் டென்டின் (கால்வாய்ச் சுவரின் கடினத் திசு) தூள் வெளியே வந்துவிடுகிறது என்று நினைத்திருந்தோம். அதில் ஒரு பகுதி கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேர் இடுக்கில் போய் அடைத்துக்கொள்வதை ஸ்கேன் காட்டியது. முன்பு திறந்திருந்த இடுக்கை நாமே தூள் போட்டு மூடுகிறோம். அப்புறம் விடும் மருந்து அங்கே நுழைய முடியாது. அந்த அம்மாவின் பல்லும் அதே கீழ்ப் பல், அதே முன்வேர்.

இந்தக் கருவி நம்மைத் திருத்திய இன்னொரு இடமும் உண்டு. மோட்டார் ஃபைல்கள் வேரில் நுண்விரிசல் உண்டாக்குகின்றன என்று பல்லை அறுத்துப் பார்த்த ஆய்வுகள் வரிசையாக வந்தன. பலர் பயந்தோம், நானும் சில ஃபைல்களை ஒதுக்கி வைத்தேன். பிரேசிலில் குஸ்தாவோ டி டேயுஸ் குழுவினர் 2014-ல் ஒரே பல்லை முன்னும் பின்னும் மைக்ரோ சிடியில் பார்த்தார்கள். பின்னால் தெரிந்த விரிசல்கள் எல்லாம் ஃபைல் போடும் முன்பே அங்கே இருந்தவை. ஒரே பல்லை இரண்டு தடவை பார்க்க முடிந்ததால் மட்டுமே கிடைத்த பதில் இது.

சரி, இந்தப் படங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. தொடாத சுவர் என்றால் அழுக்கான சுவர் என்று அர்த்தமில்லை. பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுதான். இந்த ஆய்வுகளில் எடுக்கும் ஸ்கேனில் அது தெரியாது, மென்திசுவும் சரியாகத் தெரியாது. எந்த ஃபைல் போட்டவருக்குப் பல் ஐந்து வருடம் நிலைத்தது என்பதை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்னொன்று, தொடாத பரப்பைக் குறைக்கிறேன் என்று தடிமனான ஃபைலாகப் போட்டுக்கொண்டே போனால், கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேரில் பின்பக்கச் சுவர் காகிதமாகிவிடும். அங்கே ஓட்டை விழுந்தால் பல்லைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

அதனால் என் கருத்து இதுதான். ஃபைலின் வேலை வழி போடுவது. சுத்தம் செய்வது அந்த வழியாக உள்ளே போகும் சோடியம் ஹைப்போகுளோரைட், அந்த அம்மா கேட்ட மருந்துத் தண்ணி. ஃபைல் எட்டாத மூன்றில் ஒரு பங்குக்கு வேறு நாதி இல்லை. அது வேலை செய்ய நேரம் வேண்டும், பழசை எடுத்துவிட்டுப் புதிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதிரும் அல்ட்ராசோனிக் முனையால் கலக்கிவிட வேண்டும், கடைசியில் இடிடிஏ (EDTA) என்ற கரைசலை விட்டு, ஃபைல் சுவரில் பூசிவிட்ட படிவத்தைக் கரைக்க வேண்டும். மோட்டார் ஃபைல் வந்ததால் வடிவமைக்கும் நேரம் குறைந்தது. மிச்சமான நேரத்தை நாம் மருந்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட்டோம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் வாடகையும் கடனும் எல்லோருக்கும் இருக்கிறது, ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கட்டுப்படியாகாத ஊர்கள் இருக்கின்றன. ஆனாலும் 20 நிமிடத்தில் முடித்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்வதையாவது நிறுத்தலாம்.

இளம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பெனி பிரதிநிதி பச்சையும் சிவப்புமாக வழவழப்பான தாளில் ஒரு மைக்ரோ சிடி படத்தை நீட்டுவார். அது அந்தக் குழுவில் மிக நன்றாக வந்த பல்லாக இருக்கலாம். முழுக் கட்டுரையைக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். ஒப்பிட்ட பற்களை முதல் ஸ்கேனிலேயே வடிவம் பார்த்து ஜோடி சேர்த்தார்களா என்று தேடுங்கள். சேர்க்காவிட்டால் எளிய கால்வாய்கள் எல்லாம் ஒரு பக்கம் விழுந்திருக்கலாம். அப்புறம் அட்டவணையில் தொடாத பரப்பு என்ற வரியைப் பாருங்கள். சராசரியோடு விட்டுவிடாமல், அந்தக் குழுவிலேயே மிக மோசமாக வந்த பல்லில் எத்தனை விழுக்காடு மிச்சம் இருந்தது என்பதையும் பாருங்கள். நாளை உங்கள் நாற்காலியில் உட்காருபவரின் பல் அதுவாகவும் இருக்கலாம்.