குதிரையில் இருக்கும்வரை தலைக்கவசம்

லாயம் ஒன்றில் ஒருவர் தலைக்கவசம் இல்லாமல் குதிரையைப் பாய்ச்சலில் ஓட்டும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். யார், எந்த லாயம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதன் கீழே ‘தலைக்கவசம் எங்கே?’ என்று நான் கேட்ட இரண்டு சொற்களுக்கு இத்தனை சிரிப்பு முகங்களும், ‘குதிரைப் போலீஸ் வந்தாச்சு’ என்ற பட்டமும் கிடைத்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வெறுந்தலையோடு பாய்ச்சலில் போய்க் காட்டியது போதாதென்று, கேட்டவரையும் கேலி செய்வது, குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. குதிரைமேல் ஏறிய நொடியிலிருந்து இறங்கும் நொடிவரை தலைக்கவசம் தலையில் இருக்க வேண்டும். கற்றுக்கொள்பவருக்கும் கற்றுக்கொடுப்பவருக்கும், தடை தாண்டும்போதும் வெறுமனே நடத்திக்கொண்டு போகும்போதும் இதுதான் விதி.

‘இது பழகிய குதிரை, மெதுவாகத்தான் போனார்’ என்று எழுதியவர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். சேணத்தில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தாலும், அந்த உயரத்திலிருந்து விழும் தலை தரையில் மோதும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். குதிரையின் வேகம் அதன்பிறகு சேர்வது. அரை டன் எடையுள்ள அந்த உடம்பும் லாடம் அடித்த குளம்பும் அதற்கும் பிறகு.

என் கதையைச் சொல்கிறேன்; சிலருக்குத் தெரிந்ததுதான். பயிற்சி முடிந்து, குதிரையின் உடல்சூடு தணிவதற்காகக் கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு நடைபோட்டுக்கொண்டிருந்தேன். வியர்வை தாங்காமல் தலைக்கவசத்தைக் கழற்றிவிடலாமா என்று தாடைக் கொக்கியில் கைவைத்ததும் நினைவிருக்கிறது. கழற்றாமல் விட்டதற்குக் காரணம் அறிவு அன்று, சோம்பல். அடுத்த சுற்றில் புதரிலிருந்து ஒரு பறவை சடாரென்று எழும்ப, குதிரை பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது. கதவை அறைந்து சாத்தியது போன்ற சத்தம் காதுக்குள் கேட்டதுதான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் ‘குதிரைக்கு அடிபட்டதா?’ என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேனாம். பதினோரு முறை என்று தோழி எண்ணி வைத்திருக்கிறாள். அந்தத் தலைக்கவசம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. வெளியே ஒரு சிராய்ப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால், காதுக்கு மேலே நுரைப்பகுதி கட்டைவிரல் அளவுக்கு நசுங்கி, அங்கிருந்து பின்னந்தலைவரை மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடுகிறது. அந்த நுரை தான் நசுங்கித்தான் மண்டையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. அதனால்தான் விழுந்தபின் புதிது வாங்கச் சொல்கிறார்கள். அதற்கும் ‘விற்பனைத் தந்திரம்’ என்று ஒருவர் கருத்திட்டிருக்கிறார். அவர் வாழ்க.

‘அனுபவசாலிகளுக்கு எதற்கு?’ என்பதுதான் அதிக விருப்பக்குறி வாங்கிய கேள்வி. கோர்ட்னி கிங்-டை 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரஸ்ஸாஜ் (குதிரையைத் துல்லியமான நடை அசைவுகளில் செலுத்திக் காட்டுவது) போட்டியில் கலந்துகொண்டவர். அவரைவிட அனுபவசாலிகள் அந்தக் கருத்துப்பெட்டியில் இருந்தால் கைதூக்கட்டும். 2010 மார்ச்சில், வழக்கமான பயிற்சியின்போது குதிரை கால் இடறி விழுந்தது. அது முரண்டு பிடிக்கவில்லை, மிரளவில்லை, இடறியது, அவ்வளவுதான். அவர் தலையில் கவசம் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதம் நினைவின்றிக் கிடந்து, பின்னர் நடக்கவும் பேசவும் மறுபடி கற்றுக்கொண்டார். குதிரை இடறுவதை எந்த அனுபவம் தடுக்கும்?

அடுத்தது மரபு. உயரத் தொப்பிதான் டிரஸ்ஸாஜின் கம்பீரமாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டின் அந்தத் தொப்பியை விட்டுத் தலைக்கவசத்தோடு வலேக்ரோ என்ற குதிரையில் ஏறி இரண்டு தங்கம் வாங்கினார். 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பே தலைக்கவசத்துக்குப் பதில் உயரத் தொப்பி அணியலாம் என்றிருந்த சலுகையை எடுத்துவிட்டது. மரபைக் காக்க வேண்டியவர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

எலிசபெத் ராணி தலையில் துணி கட்டிக்கொண்டே தொண்ணூறு வயதுக்குமேலும் சவாரி செய்தாரே என்பவர்களுக்கு: ஆமாம், செய்தார். சுருட்டுப் பிடித்தே நூறு வயது வாழ்ந்த தாத்தாவும் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்தவருக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்கிறேன். 1995இல் குதிரையேற்றப் போட்டி ஒன்றில் தடையருகே விழுந்தபோது அவர் தலைக்கவசம் அணிந்துதான் இருந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தலைக்கவசம் கழுத்தைக் காக்காது, உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் பேசினார், படம் இயக்கினார், தண்டுவட ஆய்வுக்காக ஊர் ஊராகப் போய்க் குரல் கொடுத்தார். கழுத்தைக் காக்காத பொருள் தலையையும் காக்க வேண்டாம் என்பது என்ன தர்க்கம் என்று எனக்குப் புரியவில்லை.

வெக்கை, முடி கலைகிறது என்பவற்றுக்கெல்லாம் நேரமில்லை.

‘வளர்ந்தவர், அவர் தலை, அவர் விருப்பம்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மண்டையில் அடிபட்டவருக்கு மாதக்கணக்கில் சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் யாருடைய விருப்பம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், அவர் வீட்டுத் தோட்டத்தில் தனியாகவா ஓட்டினார்? காணொளியை மறுபடி பாருங்கள். வேலிக்கு அந்தப்பக்கம் ஐந்தாறு பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் நிற்கும் சிறுமி, அவர் பாய்ச்சலில் கடந்துபோவதைப் பார்த்தபடியே, தாடைக் கொக்கியைக் கழற்றித் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

நேற்று என்னிடம் பயிலும் பையன் ஒருவன், ‘நல்லா ஓட்டக் கத்துக்கிட்டா இது வேண்டாம்தானே?’ என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறான்.

எனக்கு வலிப்பது சிரிப்பு முகங்கள் அல்ல, அவற்றில் ஒன்று காணொளியில் ஓட்டியவருடையது என்பதுதான். இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். எனக்கு முதல்முதலில் அங்கவடியில் கால்வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ‘முதலில் தலை, அப்புறம்தான் சேணம்’ என்று, கொக்கி மாட்டாமல் லாயத்தின் கதவைக்கூடத் தாண்டவிடாதவர். நான் விழுந்த அன்று ஓடிவந்து, கவசத்தை யாரும் இழுத்துக் கழற்றக் கூடாது என்று எல்லோரையும் அதட்டி, என் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

இன்று காலை உள்பெட்டியில் ஒரு செய்தி வந்தது: ‘பிள்ளைங்க பெத்தவங்க எல்லாம் பாக்கறாங்க. அந்த கமெண்டை எடுத்துடும்மா.’

எடுக்கவில்லை, சார்.