போலீஸ் பாட்டாவுக்கு இரண்டரைக் கட்டை

நம் சபையில் ஹார்மோனியத்தோடு பாட்டு எடுத்துக் கொடுத்த போலீஸ் பாட்டாவின் நினைவு ஆராதனையில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஏழு பேர் பேசினார்கள், ஏழு பேரும் காக்கிச் சட்டையைப் பற்றியே பேசினார்கள். ஃப்ளெக்ஸிலும் காக்கிச் சட்டைதான். கடைசியில் ‘ஐயாவுக்குப் பிடித்த கீர்த்தனை’ என்று அறிவித்துவிட்டு கீபோர்டில் எடுத்தார்கள். இரண்டரைக் கட்டை! கட்டை என்றால் பாட்டை எடுக்கிற ஆதார சுருதி, எண் கூடினால் குரலும் மேலே ஏற வேண்டும். இரண்டாம் சரணம் வருவதற்குள் சபை வாயை மூடிக்கொண்டது. மைக் பிடித்த இரண்டு பிள்ளைகள் மட்டும் பாடி முடித்தார்கள்.

அந்த மனுஷனை நினைக்க வேண்டுமானால் சபை பாட வேண்டும். சபை பாட வேண்டுமானால் சுருதி பார்த்து எடுக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

‘சாவு வீட்டில் சுருதிக் கணக்கா?’ என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். ஆமாம், சுருதிக் கணக்குதான். நாற்பது வருஷம் அவர் பார்த்த கணக்கு அது. பாட்டு எடுக்குமுன் பல்லவியைப் பார்க்க மாட்டார், சரணம் எதுவரை ஏறுகிறது என்றுதான் பார்ப்பார். மேல் காந்தாரத்தை, அதாவது மேல் ‘க’வைத் தொடுகிற பாட்டை ஒரு கட்டைக்கு மேல் விட மாட்டார். அதற்குக் கீழே மேல் ஸட்ஜத்தோடு, மேல் ‘ஸ’வோடு நிற்கிற பாட்டானால் இரண்டு கட்டை வரை சம்மதிப்பார். காலை ஏழு மணி ஆராதனைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்குவார், தொண்டை திறந்திருக்காது என்பதால். பல்லவி யாருக்கும் எட்டும். சரணத்தில்தான் கிழவிகள் கழன்றுகொள்வார்கள், கிழவிகள் நின்றால் பின்வரிசை நிற்கும், அப்புறம் சபையே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான். ஒரு கட்டையில் எடுக்க வேண்டிய பாட்டை இரண்டரையில் எடுத்தால், அரைக் கட்டைக்கு ஒன்றாக மூன்று ஸ்வரஸ்தானம் கூடுகிறது. மேல் காந்தாரம் இருக்கும் இடத்தை எழுபது வயது அம்மாவின் குரல் தொடுமா?

ஏன் இரண்டரை என்று விசாரித்தேன். முந்தின பாட்டுக்கு, கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸில் மூன்று கூட்டி வைத்ததை யாரும் திருப்பிக் குறைக்கவில்லை. பிள்ளைகள் ஒரு கட்டைதான் என்று நினைத்து வாசித்திருக்கிறார்கள். போதாததற்குத் தாளம். அந்தக் கீர்த்தனை மிஸ்ர சாபு, மூன்றும் நாலும் ஏழு எண்ணிக்கை. கீபோர்டில் ஓடியது நாலு எண்ணிக்கைப் பாட்டர்ன். இரண்டாவது வரியிலேயே மோதும், மோதியது.

கீபோர்டு கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகப் பரப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகளையும் குறை சொல்லவில்லை, அதில் ஒருவனுக்கு ஸரளி வரிசை சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதும், தாளம் பொருந்தவில்லை என்றால் ரிதத்தை அணைத்துவிட்டு வெறும் சுருதியோடு வாசிப்பதும் அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

‘ஹார்மோனியம் நம்ம வாத்தியமா?’ என்று இன்னொருவர். ஆகாசவாணியே 1940இல் அதை விலக்கி வைத்தது, 1971 வரை விலக்கு இருந்தது. தெரியும். ஸ்வரத்தை வளைத்து அசைக்கிற கமகம் அதில் வராது என்பது நியாயமான குறைதான், அதை அவரே சொல்வார். ஆனால் இருநூறு பேரை ஒரே சுருதியில் நிறுத்துவது வேறு வேலை. அதற்கு கரண்ட் போனாலும் நிற்காத, மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கிற பெட்டி வேண்டும். குமரி மாவட்டத்து மைலாடியில் 1806இல் மிஷன் காலூன்றிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் சபை என்றால் பாட்டுதான்.

அவருடைய அந்த ஹார்மோனியம், காலால் மிதித்து வாசிக்கிற பெட்டி, இப்போது ஸ்டோர் ரூமில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அடியில் கிடக்கிறது. பழைய சாமான் வாங்குகிற ஆக்கர்காரனிடம் விலை பேசியாகிவிட்டதாம். ‘ஓடாது’ என்றார்களாம். எது ஓடாது? இடவப்பாதி மழையில் மரம் ஊதி, விரலால் அமுக்குகிற கட்டை இறுகும், ஐப்பசி மழையில் இன்னொரு தடவை இறுகும். அதற்குத்தான் அவர் பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு போட்டு வைத்திருந்தார். அமுக்காத கட்டை தானாகப் பாடினால் மூடியின் தோலைப் பூச்சி தின்றிருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஒரு ஸ்வரம் ஊமையானால் பித்தளை நாக்குக்கும் தட்டுக்கும் நடுவே தூசி. மெல்லிய காகிதத்தை நுழைத்து ஒருதடவை இழுத்தால் போதும். எண்ணெய் மட்டும் விடக் கூடாது, தூசி பிசினாய் ஒட்டிக்கொள்ளும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியில் இரண்டு கீறல், ஏறியிருந்தால் ஆணிப்பக்கம். அதுவும் ஒவ்வொரு கீறலுக்கும் நடுவே வாசித்துப் பார்த்து, ஏனென்றால் சுரண்டிய பித்தளை திரும்பி வராது. துருத்தியில் காற்று கசிந்தால் தோலும் வச்சிரப் பசையும் போதும். எலி கடித்த மிதிநாடாவை மாற்ற ஒரு முழம் நாடா. இத்தனையும் அவர் சிறப்பு உதவி ஆய்வாளராக (எஸ்.எஸ்.ஐ.) ரிட்டயர் ஆனபிறகு தன் பென்ஷனில் செய்தார். ஒரு பைசா பில் கொடுத்ததில்லை.

‘போலீஸ்காரருக்கு இவ்வளவு மரியாதை போதாதா?’ என்ற கேள்விக்கு வருகிறேன், இதுதான் ரொம்பக் குத்தியது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பத்து வருஷத்தில் முதல்நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று வருஷக் கணக்கில் ஏறியவர். அந்த வேலையை மதித்தார், குறை சொன்னதே கிடையாது. ஆனால் கிறிஸ்மஸ் நள்ளிரவு ஆராதனை ஒன்றிலும் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஊருக்குத் திருவிழா என்றால் அவருக்கு பந்தோபஸ்து. கேரள எல்லையில் களியக்காவிளையில் பாரா நிற்கிற ராத்திரியிலும் எட்டு மணிக்கு வீட்டுக்கு போன் போட்டு குடும்ப ஜெபத்தின் முதல் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வைப்பார். அவர் மகள்கள் ‘அப்பா பாட்டு’ என்று சொல்வது அந்த போன் பாட்டைத்தான். ஏழு பேரில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாமே? போலீஸ்காரர் என்றால் அடிப்பவர் என்று ஒருவர் எழுதினார். பாட்டா யாரையும் அடித்ததில்லை. அவ்வளவுதான்.

அவர் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். பாட்டு நோட்டையும், ஸ்டேஷனில் அன்றன்று நடப்பதைப் பதிகிற ஜெனரல் டைரி மாதிரியே எழுதுவார். தேதி, நேரம், பாட்டு, கட்டை, நடந்தது என்ன. ‘7.10. ஒன்றரைக் கட்டை. மூன்றாம் சரணத்தில் பெண்கள் பக்கம் நின்றது. அடுத்த முறை ஒன்று.’ இப்படி நான்கு நோட்டு. தமிழ்ப் பாட்டு நீல மை, மலையாளப் பாட்டு கறுப்பு மை. 1956 நவம்பர் 1க்கு முன்னால் இந்தக் குமரிப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிதானே, இங்கே யார் வீட்டில் இரண்டு பாஷையும் இல்லை? அவருக்கே எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் பெண் எடுத்தது. அந்த அம்மாவைக் கடைசி வரை ‘பாறசாலைக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. பேச்சு போனவர்களுக்கும் பழகின பாட்டு சிலசமயம் வரும், அப்படி வருகிறவர்களுக்கு அதைப் பிடித்துக்கொண்டே வார்த்தையை மீட்கலாம் என்று தெரபிஸ்ட் சொன்னதைக் கேட்டு, தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் உட்கார்ந்தார். அம்மாவின் இடது கையைத் தன் முழங்காலில் வைத்து, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. முதலில் சேர்ந்து பாடுவார், பிறகு தன் குரலைக் குறைப்பார், கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருப்பார். அவசரப்படுத்தினால் வராது, கட்டை ஏறினாலும் வராது. அந்த வழியாகத்தான் ‘தண்ணி’ வந்தது, ‘போதும்’ வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். அறிவிப்பைக் கேட்டதுமே இடது கை முழங்காலைத் தட்டத் தொடங்கிவிட்டது. வாய் திறந்தது. கீபோர்டு எடுத்தது. ஒரு வரி முயற்சி செய்தார், எட்டவில்லை, தட்டுவதும் நின்றது. வீடியோவில் இடது ஓரத்தில் தெரியும், பாருங்கள்.

ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள், மற்றதைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். நோட்டு அவருடைய மூத்த மகளிடம் இருக்கிறது. அந்தக் கீர்த்தனைக்கு எதிரே நீல மையில் ‘ஒரு கட்டை’ என்று எழுதி, அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் அதற்கும் கீழே இறக்கி எழுதியிருக்கிறார்: ‘கீழ் 7. இவளுக்கு எட்டும்.’