மெட்ராஸில் பிறந்த என் ஹெரால்டு

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி பக்கம் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்தெருவில் ஒரு பெரிய வீடு. அதன் கொல்லையில், புங்கமரத்தடியில், ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நின்றுகொண்டிருந்தது. நான்கு கதவு வண்டி. டயர்கள் காற்றிறங்கி மண்ணோடு ஒட்டியிருந்தன. கூரை முழுக்கச் சருகு. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிட்டே போனேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்து பானெட்டைத் தூக்கினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் முனகிக்கொண்டே எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற வண்டிகளில் மூடி மட்டும்தான் திறக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முகமே முன்பக்கமாகக் கவிழும். முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். கும்பகோணத்தில் எங்கள் தெரு டாக்டரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. அவருடைய டிரைவர் காலையில் பானெட்டைத் தூக்கிவைத்துத் தண்ணீர் ஊற்றும்போது தெருப்பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்போம். பள்ளிக்கூட மணி அடித்தால்கூட நகர மனசு வராது. பெரியவனானால் இந்த வண்டிதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கு ரோட்டில் ஓடிய கார்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. முதல் இரண்டிலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கை கியர். ஹெரால்டில் மட்டும் கியர் கீழே, தரையில் இருந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய விஷயம். வாயாலேயே ஹெரால்டு ஓட்டியவர்கள் நாங்கள்.

அது நம்ம ஊரில் செய்த வண்டி என்பது ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. டவுன்பஸ் போல நினைத்த நேரத்தில் மெட்ராஸ் போகிற குடும்பம் இல்லை எங்களுடையது. முதல் தடவை அப்பா, அம்மாவோடு பஸ்ஸில் போனபோது, வண்டலூர் தாண்டுகையில் அப்பா தோளைத் தட்டி, "அதோ, ஹெரால்டு செஞ்ச ஃபேக்டரி" என்று காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

சென்னையின் கார் வரலாறு என்று இன்றைக்கு யார் எழுதினாலும் 1990களில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. 1961லேயே இங்கே ஹெரால்டு வந்துவிட்டது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கலோட்டி. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. சின்ன 948 சிசி எஞ்சின். அங்கே அதை இரண்டு கதவோடு மட்டுமே விற்றார்கள், கடைசி வரைக்கும் நான்கு கதவு வண்டி செய்யவே இல்லை. செய்தது மெட்ராஸ்தான். பாட்டியும் சித்தியும் பிள்ளைகளுமாக ஏறுகிற நம் குடும்பங்களுக்கு முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைவது எப்படிச் சரிப்படும்? அதைப் புரிந்துகொண்டு 1960களின் கடைசியில் நான்கு கதவு வைத்தார்கள். இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? பிறகு 1972இல் அதே கம்பெனியின் கெசல் கார் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. இங்கிலாந்தின் ரோவர் காருடைய அழகான உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்ததால் அது எடுபடவில்லை. மூன்று வருடத்தில் கார் உற்பத்தியே நின்றுபோனது.

1994இல் எனக்குத் திருச்சியில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒருவர் தன் 1969 மாடல் ஹெரால்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே போய் நின்றேன். 28 ஆயிரம் ரூபாய். சேமிப்பு பாதி, பி.எஃப். லோன் பாதி. மாருதி வாங்காமல் இதை ஏன் வாங்கினாய் என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா மட்டும் கேட்கவில்லை. கும்பகோணத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அம்மா சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். "செருப்போடயே உக்காருங்கப்பா" என்று எவ்வளவோ சொன்னேன். மகாமகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்வரை செருப்பு அவர் மடியில்தான் இருந்தது. முப்பது வருடம் சைக்கிளில் ஆபீஸ் போனவர்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த பாய். ஸ்பேர் கிடைக்காத காலம். பழைய ஸ்பேர் விற்கிற சென்னைப் புதுப்பேட்டையில் சொல்லிவைத்து, வருகிறவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வார். கிடைக்காததை லேத்தில் கடைந்துவிடுவார். "தம்பி, இது போல்ட்டுல பூட்டின வண்டி. பிரிக்கத் தெரிஞ்சவனுக்குச் சாவே கிடையாது" என்பார். அது உண்மைதான். தனி சேஸிஸ் மேல் உடம்பைத் துண்டு துண்டாக வைத்து போல்ட் போட்ட அமைப்பு அது.

ஒருமுறை அப்பா, அம்மாவோடு ஏற்காடு போனோம். அங்கே 20 கொண்டை ஊசி வளைவு. எதிலும் பின்னால் எடுத்துத் திருப்பவேண்டி வரவில்லை, அவ்வளவு குறுகலான இடத்திலும் ஒரே வெட்டில் திரும்புகிற வண்டி ஹெரால்டு. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. பானெட்டைத் தூக்கிவிட்டு டயர் மேல் உட்கார்ந்தேன். அப்பாவும் வந்து எதிர் டயரில் உட்கார்ந்தார். உள்ளே, கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த 90 நிமிட கேசட் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு அந்தப்பக்கம் அப்பா, இந்தப்பக்கம் நான். அரைமணி நேரம் என்னென்னவோ பேசினோம். அவர் வாலிபத்தில் லாரி டிரைவராக ஆசைப்பட்டதை அன்றைக்குத்தான் சொன்னார்.

2001இல் விற்றேன். குழந்தை, செலவு, இடமாற்றம் என்று எல்லாம் சேர்ந்துகொண்டது. ஓட்டிக்கொள்வேன் என்று சொல்லித்தான் ஒருவர் வாங்கிப் போனார். இரண்டு வருடம் கழித்து விசாரித்தால், வெட்டி எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையிலோ ஷெட்டிலோ ஒரு ஹெரால்டு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எல்லா ஹெரால்டுக்கும் 50 வயது தாண்டிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாக 'விஏ' நம்பரில் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி நிகழ்ச்சிகளுக்குத்தான் எடுக்கலாம். என்னைக் கேட்டால், பேப்பர் சரியாக இருக்கிற வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டுவதே நல்லது. கார் ஓடவேண்டும். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போகவேண்டும், தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கவேண்டும். சென்னையில் பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் ஒரு நான்கு கதவு ஹெரால்டாவது நிற்கவேண்டும், எந்த ஊரில் செய்தது என்று தமிழில் எழுதி.

காரைக்குடி வீட்டுக்காரர் நல்ல மனுஷர். தாத்தா ஓட்டிய வண்டி, விற்கிற எண்ணம் இல்லை, சரிசெய்ய ஆள்தான் கிடைக்கவில்லை என்றார். மண்டபத்துக்குத் திரும்பி வந்ததும் பாயைக் கூப்பிட்டேன். இப்போது பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பானெட்டு தூக்குச்சா தம்பி?" என்றார். தூக்கியது என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்து என்னையக் கூட்டிட்டுப் போ."