மரியோவை ஏன் இப்படி அழ வைக்கிறீர்கள்?

நேற்று இரவு யூடியூபில் ஒருவர் வாசித்த சூப்பர் மரியோ கிட்டார் கவர் கேட்டேன், அதாவது அந்த வீடியோ கேம் பாட்டைக் கிட்டாரில் தன் பாணியில் வாசித்தது. நல்ல கை. கிட்டாரும் விலை கூடினதுதான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் துள்ளிக்கொண்டு ஓட வேண்டிய பாட்டை இழவு வீட்டு வேகத்துக்கு இறக்கி, அதன் மேல் ரிவெர்ப் என்கிற செயற்கை எதிரொலியைக் குடம் குடமாகக் கொட்டியிருந்தார். பின்னால் வயலின். அதற்கும் பின்னால் மழைச் சத்தம். கேட்டவர்கள் எல்லாம் கண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கும் வந்தது, வேறு காரணத்துக்காக.

கொஞ்ச நாளாகவே இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். நானும் வீட்டில் உட்கார்ந்து கேம் இசையைக் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்கிற ஆள்தான். மூன்று வருடமாகிறது. அதனால் இது வெளியாள் புலம்பல் இல்லை, உள்வீட்டுச் சண்டை. பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது அசல் நிண்டெண்டோ இல்லை. தொண்ணூறுகளில் ஊர் ஊராக விற்ற நகல் டிவி கேம். கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும், உள்ளே போனால் அதே இருபது முப்பது ஆட்டம் பெயர் மாறி மாறி வரும். ஓடவில்லை என்றால் கேசட்டைப் பிடுங்கி ஊதிப் போடுவோம். மரியோவை இரண்டு பேர் ஆடலாம், ஆனால் சேர்ந்து ஆட முடியாது. ஒருவர் அவுட் ஆனால்தான் அடுத்தவருக்குச் சான்ஸ். அண்ணன் மரியோ, நான் லூயிஜி. அண்ணன் லேசில் அவுட் ஆகிற ஆள் இல்லை. நான் வந்த வேகத்தில் ஆமை மேல் மோதிப் போய்விடுவேன். ஆகவே அந்த ஆட்டத்தை நான் ஆடியதைவிட, பாயில் கால் நீட்டி உட்கார்ந்து அதன் பாட்டைக் கேட்டதுதான் அதிகம்.

பாட்டைப் போட்டவர் கோஜி கோண்டோ. வருடம் 1985. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023-இல் மரியோ பாட்டு அதில் சேர்ந்தது. வீடியோ கேம் இசை ஒன்று அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை. அந்தப் பாட்டுக்குக் கோண்டோ கையில் இருந்த வாத்தியம் நிண்டெண்டோ பெட்டிக்குள் இருந்த ஒரு சில்லு, அதாவது சிப். அதில் ஐந்து சேனல், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஐந்து குரல். இரண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள் (ஒலி அலையின் வடிவத்தால் வந்த பெயர்கள்), இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த சின்ன ஒலித் துணுக்குகளுக்கு ஒன்று. ஒழுங்காகச் சுரம் பிடிக்கத் தோதானவை முதல் மூன்றுதான். அதிலும் ட்ரையாங்கிளுக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒலித்தால் ஒலிக்கும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். போதாததற்கு, குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற சத்தமும் இதே சேனல்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த நொடியில் இசையின் ஒரு குரல் ஒதுங்கி வழிவிடும். நாம் சிறுவயதில் கேட்ட மரியோ பாட்டில் எப்போதும் ஓட்டை இருந்தது. நம் காதுதான் அதை நிரப்பிக்கொண்டது.

எதிரொலிகூட அன்றைக்குச் சும்மா கிடைத்ததில்லை. வேண்டுமென்றால் அதே மெட்டை இன்னொரு பல்ஸ் சேனலில் கொஞ்சம் தாமதமாக, சத்தம் குறைத்து ஓடவிடுவார்கள். மூன்றில் ஒரு குரல் அதற்கே செலவு. இன்றைக்கு எதிரொலிக்கு ஒரு பைசா செலவு கிடையாது, ஒரு குமிழைத் திருகினால் போதும். இப்படி அள்ளிக் கொட்டுவது அதனால்தான்.

மூன்று குரல் என்பது ஒற்றைக் கிட்டாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டைவிரலுக்குக் கீழ்ச்சுரம் (பாஸ்) போடுகிற ட்ரையாங்கிள், மற்ற விரல்களுக்கு இரண்டு பல்ஸ், கிட்டார் உடம்பில் தட்டினால் இரைச்சல் சேனல். கட்டைவிரலை ஒரே அழுத்தத்தில் வைத்திருப்பதுதான் பாடு. கர்நாடகக் கச்சேரியில் தம்புரா போடுகிறவர் உணர்ச்சிவசப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் பாஸ் கம்பியில் உணர்ச்சி காட்டினால். சில்லால் செய்ய முடியாததை நாமும் செய்யாமல் இருந்தால் பாட்டு தானாக நிற்கிறது. எதிரொலி வேண்டிய இடத்தில் அதே சுரத்தை வேறு கம்பியில் மெல்லத் தொட்டுவிடுகிறேன். அந்த மெல்லிய சுரத்துக்காக எந்த ரிவெர்பையும் விட்டுக்கொடுப்பேன்.

என் கட்சிக்கு நல்ல சாட்சி, மரியோ குழாய்க்குள் இறங்கினால் வருமே, அந்தப் பாதாளப் பாட்டு. மேலே ஓடுகிற பாட்டை எல்லாரும் வாசிக்கிறார்கள், இதை யாரும் சீண்டுவதில்லை. ஆறே சுரம். ஸ, மேல் ஸ. கீழே இறங்கி த, மேல் த. நி, மேல் நி. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு நீண்ட மௌனம். மறுபடி அதே. பிறகு இதையே ஐந்து சுரம் கீழே இறக்கி ஒரு சுற்று, கடைசியில் மளமளவென்று இறங்குகிற ஒரு சின்ன வால். கிட்டாரில் ஒரு ஸ்தாயி கீழே எடுத்து, ஆறாவது கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் சுற்றுக்கு ஏ கம்பியில், அதாவது ஐந்தாவது கம்பியில், மூன்றாவது ஃப்ரெட் (கழுத்துப் பலகையின் கட்டம்), வெறும் கம்பி, முதல் ஃப்ரெட் என்று பிடித்தீர்களே, அதே இடங்கள், அதே வரிசை, அப்படியே ஆறாவது கம்பியில் உட்காரும். இதை முதலில் கண்டுபிடித்த ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன். "சரி, படு" என்றார்.

கை வந்துவிட்டது. பதிவில்தான் வம்பு. அந்த மௌனம் இருக்கிறதே, அதில் என் வீடு முழுக்க உட்கார்ந்திருந்தது. ஃபேன் காற்று, ஃபிரிட்ஜ் முனகல், பக்கத்து வீட்டுக் குக்கர், தெருமுனை நாய், எல்லாம் அந்த ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்தது போல உள்ளே வந்தன. வாசிக்கும்போது தெரியாது, நிறுத்தினால் தெரியும். இவ்வளவு பேர் ஏன் வயலினும் மழையும் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாதிக்குப் பாதி ரசனையாக இருக்கலாம். மீதி, பள்ளத்தை மூடப் போடுகிற மண். நானும் போட்டிருக்கிறேன். என் முதல் கவரில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதினோரு ட்ராக். கேட்கவே சகிக்காது, தேடாதீர்கள், அழித்துவிட்டேன்.

இன்பாக்ஸில் வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, எந்த மைக்?" என்னிடம் இருப்பது ஒரு சின்ன கண்டென்சர் மைக், இரண்டு மைக் செருகிக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ். அதில் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற 48 வோல்ட் பட்டனைப் போட மறந்துவிட்டு மைக் செத்துவிட்டது என்று நான் அழுத கதை தனி. மைக்கை கிட்டாரின் குழிக்கு நேரே வைக்காதீர்கள், கும்மென்று இரையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டைப் பார்க்க வையுங்கள், ஒரு சாணுக்கு மேல், ஒரு முழத்துக்குள். பதிவு மீட்டரில் உச்ச சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பு விளக்கைத் தொட வேண்டியதில்லை. தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கேட்க காதை மூடுகிற ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த டிக் டிக் மௌனத்துக்குள் கசியும். அவ்வளவுதான் மைக் பாடம். அதற்குச் செலவழிக்கிற காசில் பாதிக்குப் புதுக் கம்பி வாங்குங்கள். நம் ஊர் வேர்வைக்கு ஸ்டீல் கம்பி சீக்கிரமே மங்கிவிடும்.

மைக்கைவிட அறைதான் முக்கியம். சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, உள்ளே இருக்கிற எதிரொலியையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. நான் பீரோ கதவைத் திறந்து வைத்துப் புடவைகளைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறேன், முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்துவைத்து. காலி அறையின் அந்தத் தகர டப்பா ஓசை குறைந்துவிடுகிறது. வெளிச் சத்தத்துக்கு மருந்து நேரம் மட்டும்தான். விடியற்காலை நாலரை. மார்கழியில் அதுவும் நடக்காது, நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கி எழுந்துவிடும். அந்த மாதம் எனக்கு விடுமுறை.

ஃபேனை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். ஒருமுறை ஃபிரிட்ஜை அணைத்தவள் மறந்துபோய் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்தால் இட்லி மாவு பொங்கி இரண்டு தட்டுக்கு வழிந்திருக்கிறது. அதிலிருந்து, அணைத்த உடனே வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். சாவி எடுக்காமல் போக முடியாது இல்லையா?

மெதுவாக வாசிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நோபுவோ உயெமட்சுவின் இசையில் 2001-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 10 கேம் தொடங்குவதே தனிப் பியானோவோடுதான். அதை மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும், அது அப்படியே பிறந்தது. 2013-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேம் இன்னும் ஒரு படி மேல். குஸ்தாவோ சாண்டாவோலாயா என்ற அர்ஜென்டினாக்காரர், இரண்டு ஆஸ்கர் வாங்கியவர், கிட்டாரும் ரோன்ரோகோ என்கிற தென் அமெரிக்கக் கம்பி வாத்தியமும் வைத்து அந்த இசையைப் போட்டார். குளியலறையிலும் சமையலறையிலும்கூட வைத்துப் பதிவு செய்திருக்கிறார். இவ்வளவு பெரிய மனிதருக்கே சமையலறை போதுமானதாக இருந்திருக்கிறது என்று என் வீட்டில் சொல்லிப் பார்த்தேன், குக்கரை நிறுத்த யாரும் தயாராக இல்லை. சரி, அது போகட்டும். அந்த மாதிரி இசைக்கு அகூஸ்டிக் கவர் வாசிப்பது சுகம். ஆனால் நாம் செய்ய அங்கே அதிகம் ஒன்றுமில்லை, இருப்பதை நகலெடுக்கிறோம். சில்லிலிருந்து மரத்துக்குக் கொண்டுவருவதில்தான் வேலை இருக்கிறது.

டெட்ரிஸ் பாட்டை இதோடு சேர்க்காதீர்கள், அது ரஷ்ய நாட்டுப் பாடல். 1989-இல் கேம் பாய் என்கிற கையடக்க கேம் கருவிக்குள் போய்த்தான் நமக்கு வந்தது. அதை மரத்துக்குக் கொண்டுவருவது பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற மாதிரி. அடுத்த பதிவு அதுதான்.

காசு வருமா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு வரவில்லை. மெட்டு என்னுடையது இல்லை, உரிமைக்காரர் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொண்டால் அது நியாயம்தான்.

பாதாளப் பாட்டில் கடைசியாக ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இதற்கு முடிவு கிடையாது. ஆடுகிறவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார் என்று பாட்டுப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? சுற்றிச் சுற்றி வரும்படிதான் எழுதுவார்கள். கவர் வாசிக்கிறவர் தானே ஒரு முடிவை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வழக்கமாகச் செய்வது, வேகத்தைக் குறைத்து, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு பெரிய கார்டு (chord) மீட்டிக் கண்ணை மூடிக்கொள்வது. இல்லாவிட்டால் மெல்லத் தேய விடுவது. இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டும் பொய்யாக இருந்தது. எனக்கு நினைவில் அந்தப் பாட்டு தேய்ந்ததே இல்லை. அண்ணன் பள்ளத்தில் விழுந்தான் என்றால் பாட்டு பட்டென்று அறுந்துவிடும். அப்படித்தான் வாசித்தேன். மூன்றாவது சுற்றில், சுரங்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து நிறுத்திவிட்டேன். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே டேக், ஒரே மைக், ரிவெர்ப் இல்லை. இரண்டாவது மௌனத்தில் தூரத்தில் ஒரு பால் வண்டி போகிறது, எடுக்கவில்லை.

அண்ணன் இப்போது மஸ்கட்டில். வாட்ஸப்பில் அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். நீல டிக் விழுந்து வெகுநேரம் பதில் இல்லை. வேலையில் இருப்பான் என்று விட்டுவிட்டேன். ராத்திரி வந்தது:

"செத்துட்டனா? சரி, உன் சான்ஸ்."