டியூப் அளவைப் பெரிய எழுத்தில் போடுங்களேன்!

கம்ப்யூட்டருக்கு நாமே வாட்டர் கூலிங் லூப் (சூட்டைத் தணிக்கத் தண்ணீர் சுற்றிவரும் அமைப்பு) கட்டுவதில் பம்ப்பும் ரேடியேட்டரும் பெரிய தொல்லை இல்லை. உயிரை வாங்குவது டியூப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும் இந்த ஃபிட்டிங்தான். பெட்டி முழுக்க 'ஜி 1/4' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த மரை அளவு, சிப்மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சும் பிளாக் எதுவானாலும் அநேகமாக ஒன்றுதானே! தெரிய வேண்டியது டியூப் அளவு. உள்விட்டம் 10 மி.மீ. என்றாலும் வெளிவிட்டம் 13-ம் இருக்கும், 16-ம் இருக்கும். 13-க்கான இறுக்கும் வளையம் 16 மி.மீ. டியூப்பில் ஏறவே ஏறாது; மாற்றிப் போட்டால் லொடலொடவென்று ஆடும். இதைப் போய் ஒரு மூலையில் பொடி எழுத்திலா போடுவது?

அதைவிட ஆத்திரம், சிலர் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்து ஒரே செட்டாக விற்பது. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஒரு வரி எச்சரிக்கைகூடக் கிடையாது.