ஒரே தெருவை எத்தனை தடவைய்யா தோண்டுவீங்க?

மறுபடியும் ஜேசிபி. மறுபடியும் இன்டர்நெட் ஃபைபர் கேபிள் கட்.

வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுறேன்னு 48 கோர் கேபிளை, அதாவது உள்ளே 48 கண்ணாடி இழை ஓடுற கேபிளை, வாளிப் பல்லுல மாட்டி இழுத்தாச்சு. அறுந்த இடத்தோட போகாது அது. இழுத்த இழுப்புல சில மீட்டர் தள்ளி, உறைக்குள்ளேயே இழை உடைஞ்சிருக்கும். ஓடிடிஆர்னு, ஒளியை அனுப்பி உடைப்பைத் தேடுற கருவியைப் போட்டா தூரம் காட்டும். ஆனா அது இழையோட நீளம். வழியில உபரியா சுருட்டி வெச்ச கேபிளும், அதான் ஸ்லாக், அதுல சேரும். அதை அப்படியே தெருவுல அளந்து தோண்டினா தப்பான இடம்தான். சரியான குழியில தண்ணி நிக்கும், இறைக்கணும். உறையை உரிச்சு, ஜெல்லியைத் துடைச்சு, நீலம், ஆரஞ்சு, பச்சைன்னு வரிசை மாறாம ஒவ்வொண்ணா நுனியை நேரா வெட்டி (கிளீவ்), உருக்கி ஒட்டணும் (ஸ்ப்ளைஸ்). இழையோட தடிமன் 125 மைக்ரான். இழுத்துக்க ஸ்லாக் இருந்தா 48 ஸ்ப்ளைஸ். இல்லேன்னா நடுவுல துண்டு கேபிள், ரெண்டு ஜாயின்ட், 96 ஸ்ப்ளைஸ்!

நல்லா அடிச்சா ஒரு ஸ்ப்ளைஸுக்கு 0.1 டெசிபலுக்குள்ளதான் வெளிச்சம் இழப்பு. ராத்திரி சேத்துல உக்காந்து அவசரமா அடிச்சா அது எகிறும். ஒரு இழையோட வெளிச்சத்தை 32 ஆப் பிரிக்கிற 1:32 ஸ்ப்ளிட்டர் ஏற்கெனவே 17 டெசிபல் கிட்ட தின்னுடுச்சு. மிச்ச வெளிச்சம் கொஞ்சம்தான், அதனால கடைசி வீட்டுக்காரருக்கு அன்னிக்கு வேலை செய்யும், அடுத்த வாரம் மறுபடி போகும்.

தோண்டுறதுக்கு முன்னாடி கேபிள்காரங்களுக்குத் தகவல் சொல்லன்னே ஒன்றிய அரசு 2023-ல ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி கொண்டுவந்துச்சு. போன்ல போட்டு ரெண்டு விவரம் கொடுக்கக்கூட ஒப்பந்தக்காரருக்கு மனசு வரல.

இன்டர்நெட்டை அரசு நடத்தணுமா, தனியார் நடத்தணுமான்னு வருஷக்கணக்கா சண்டை. மண்ணுக்கடியில யாராவது பார்த்தீங்களா? ஒரே தெருவுல ஆளுக்கொரு பள்ளம், ஆளுக்கொரு குழாய். ஒருத்தர் பதிக்கும்போது இன்னொருத்தர் கேபிள் அறுபடுது. எது எங்கே, எவ்வளவு ஆழத்துல போகுதுன்னு ஒரே வரைபடமா யார்கிட்டயும் இல்ல. தெரு பொதுச்சொத்துன்னா அதுக்கடியில போற குழாயும் பொதுவுல இருக்கணும். ஒரு தடவை ஒழுங்கா ஆழமாப் பதிச்சு, மேல எச்சரிக்கை டேப் போட்டு, கேக்குறவங்களுக்கெல்லாம் ஒரே வாடகைக்கு விடுங்க. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994-லயே ஸ்டோகாப்னு சொந்தமா நிறுவனம் தொடங்கி இழையைப் பதிச்சு வாடகைக்கு விடுது. வீட்டுக்கு இன்டர்நெட் விக்கிற போட்டி, அது கம்பெனிகளோட பாடு.

இந்த கஸ்டமர் கேர் வேற! மோடத்துல LOS-னு போட்ட சிவப்பு லைட் எரியுதுன்னா வெளிச்சமே வந்து சேரலைன்னு அர்த்தம். அதுக்குப் போய் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’னு சொல்லாதீங்க. எந்த லைட் எரியுதுன்னு முதல்ல கேளுங்கய்யா!